கிளட்ச் முதலிலா, பிரேக் முதலிலா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிரைவிங் ஸ்கூலில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கிளட்சையும் சேர்த்து மிதிக்கச் சொன்னார்கள். உங்கள் மாமா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "பிரேக்கைப் பிடி, கிளட்ச் கடைசியில்தான்" என்று திட்டுகிறார். அவர் சொன்னபடி செய்தால் சிக்னலில் வண்டி உதறி ஆஃப் ஆகிவிடுகிறது. அடுத்த மாதம் ஈரோட்டிலிருந்து குடும்பத்தோடு ஊட்டி போகவேண்டும், இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அது சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். எது முதலில் என்பதைவிட, இந்த வண்டி எப்போது ஆஃப் ஆகும், எப்போது ஆகாது என்பதுதான் உங்களுக்குப் பிடிபடாமல் இருக்கிறது. அது தெரியாததால் பயத்தில் இரண்டு காலும் சேர்ந்து இறங்குகிறது. அது புரிந்துவிட்டால் ஸ்கூலும் மாமாவும் எங்கே சரி, எங்கே தப்பு என்பது தானாகத் தெரிந்துவிடும்.

நான் கோயம்புத்தூரில் 19 வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். அதற்கு முன்னால் நாலு வருடம் ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றும் வேலை. அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன். ஐந்து கியர் உள்ள சின்ன பெட்ரோல் கார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், டீசல் வண்டியில் எண்கள் கொஞ்சம் மாறும்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை ஒரேயடியாக நிற்கவைக்க முடியாது, ஐடிலிங்கில்கூட, அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் சும்மா ஓடும்போதுகூட, நிமிடத்துக்கு 800 சுற்று போல ஓடியே ஆகவேண்டும். சக்கரமோ நிற்கவும் வேண்டும், ஓடவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் கிளட்ச் பிளேட், சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுச் சின்னதாக, இரண்டு பக்கமும் லைனிங் ஒட்டிய ஒரு வட்டத் தகடு. பெடலை விட்டிருக்கும்போது பிரஷர் பிளேட் என்ற அழுத்தும் தகடு அதை இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருக்கும், இன்ஜினும் சக்கரமும் ஒன்றாகச் சுற்றும். மிதித்தால் பிடி விட்டுப்போகும், இன்ஜின் தன்பாட்டுக்கு ஓடும், சக்கரம் தன்பாட்டுக்கு ஓடும். பாதி மிதித்தால் தகடு உரசிக்கொண்டே சுற்றும், அதைத்தான் ஹாஃப் கிளட்ச் என்கிறோம். ஆகவே கிளட்சை மிதிப்பதால் வண்டியின் வேகம் ஒரு துளிகூடக் குறையாது. அதன் வேலை இன்ஜினைச் சக்கரத்திடமிருந்து பிரித்துவிடுவது, அவ்வளவுதான்.

இப்போது ஆஃப் ஆகிற விஷயத்துக்கு வருவோம். ஒவ்வொரு கியருக்கும் ஒரு அடிவேகம் இருக்கிறது. ஆக்சிலேட்டரைத் தொடாமல், ஐடிலிங்கிலேயே வண்டி எவ்வளவு வேகத்தில் நகருமோ அதுதான். சின்ன கார்களில் முதல் கியரில் 6, 7 கி.மீ., இரண்டாவதில் 11, மூன்றாவதில் 16, 17, நான்காவதில் 22, 23, ஐந்தாவதில் 30-ஐ ஒட்டி இருக்கும். வண்டிக்கு வண்டி ஒன்றிரண்டு கூடும் குறையும், ஆனால் வரிசை இதுதான். நீங்கள் இருக்கும் கியரின் அடிவேகத்துக்கு மேலே வண்டி போய்க்கொண்டிருக்கும்வரை எவ்வளவு அழுத்தி பிரேக் பிடித்தாலும் இன்ஜின் ஆஃப் ஆகாது. அதற்குக் கீழே வேகம் இறங்கினால்தான் சக்கரம் இன்ஜினைப் பிடித்து இழுக்கும், வண்டி திணறும், உதறும், அப்புறம் ஆஃப். உங்களுக்கு நடப்பது அநேகமாக இதுதான்: நான்காவது கியரில் வந்து, மாமா சொன்னாரே என்று கிளட்சைத் தொடாமலே 15 வரைக்கும் பிரேக் பிடித்துவிடுகிறீர்கள். வண்டி ஏற்கெனவே நான்காவது கியரின் அடிவேகத்துக்குக் கீழே போய்விட்டது.

அதனால் நான்காவதில் 60-ல் போகும்போது முன்னால் ஒரு லாரி மெதுவாகப் போகிறது, 40-க்கு இறங்கவேண்டும் என்றால் பிரேக் மட்டும். கிளட்ச் பக்கம் கால் போகவே வேண்டாம். முழுசாக நிற்கவேண்டும் என்றால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்து, அந்த கியரின் அடிவேகத்தை நெருங்கும்போது, நான்காவது என்றால் 25 வாக்கில், கிளட்சை முழுக்க மிதியுங்கள், பிரேக்கைத் தொடர்ந்து பிடித்து நிறுத்துங்கள். ஏற்கெனவே முதல் கியரிலோ இரண்டாவதிலோ ஊர்ந்துகொண்டிருக்கும்போது நிற்கவேண்டி வந்தால் கிளட்சும் பிரேக்கும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இறங்கும், ஏனென்றால் அடிவேகத்தில்தான் நீங்கள் போய்க்கொண்டே இருக்கிறீர்கள். மீட்டரைக் குனிந்து பார்க்கவேண்டியதில்லை. ஒரு வாரத்தில் காது சொல்லிவிடும், இன்ஜின் சத்தம் தடித்து ஸ்டீயரிங்கில் ஒரு மெல்லிய நடுக்கம் வரும்போது மிதித்தால் சரியாக இருக்கும்.

டிரைவிங் ஸ்கூலைக் குறை சொல்லவேண்டாம். பயிற்சி வண்டியில் எங்கள் பக்கமும் கிளட்ச், பிரேக் பெடல் இருக்கும், இரட்டைக் கட்டுப்பாடு இருக்கவேண்டும் என்பது மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் காந்திபுரத்தில் பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடிக்க, முதல் நாள் ஸ்டீயரிங் பிடித்தவர் வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு வேர்த்துப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், "இரண்டையும் சேர்த்து அமுக்குங்கள்" என்றுதான் வாயில் வரும். நானும் முதல் இரண்டு நாள் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த நாட்களில் யாரும் இரண்டாவது கியரைத் தாண்டுவதில்லை, 20-ஐத் தாண்டுவதில்லை, அந்த வேகத்துக்கு அது சரியான பாடம்தான். மூன்றாவது நாள் அதை மாற்றிச் சொல்லவேண்டும். பத்து நாள் கோர்ஸில் பல இடங்களில் அது விட்டுப்போகிறது, லைசென்ஸ் வந்த பிறகு 70-ல் போகும்போதும் கால் அதையே செய்கிறது.

70-ல் கிளட்சை முதலில் மிதித்தால் என்ன கெட்டுப்போகும்? கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டாலே இன்ஜின் வண்டியைப் பின்னால் இழுக்கும், அந்த இழுவை போய்விடும், வண்டி மிதக்கிற மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். திடீரென்று விலகி முன்னேறவேண்டி வந்தால் ஆக்சிலேட்டரை மிதித்தாலும் இன்ஜின் கத்துமே தவிர வண்டி போகாது. ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும்: சமதளத்தில், நல்ல பிரேக் உள்ள வண்டியில், இதனால் நிற்கும் தூரம் பெரிதாக மாறிவிடாது. இன்ஜின் இழுவையைவிட பிரேக்கின் பலம் பல மடங்கு அதிகம். ஊருக்குள் இது கெட்ட பழக்கம், அவ்வளவே. மலையில்தான் இதே பழக்கம் ஆபத்தாகிறது, அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் அவசர பிரேக். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவருகிறது என்றால் மேலே சொன்ன கணக்கு எதுவும் வேண்டாம், பிரேக்கை முழு பலத்தோடு, கிளட்சையும் முழுக்க, இரண்டையும் மிதியுங்கள். கிளட்ச் அரை நொடி முன்னே பின்னே ஆனால் பரவாயில்லை, வண்டி ஆஃப் ஆனாலும் பரவாயில்லை, பிரேக் தாமதிக்கக்கூடாது. 60-ல் போகும்போது கண் பார்த்து கால் இறங்க ஒரு நொடி ஆனாலே வண்டி 16 மீட்டருக்கு மேல் போய்விட்டிருக்கும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்கும் கார்களில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம், உங்களுடையது அதற்குப் பிந்தியது என்றால் பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும். அப்போது பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், அதிரட்டும், அமுக்கிப் பிடித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பி விலகலாம். பழைய ஆட்கள் விட்டு விட்டுப் பிடிக்கச் சொல்வார்கள், அது ஏ.பி.எஸ். இல்லாத காலத்துப் பாடம்.

ஹாஃப் கிளட்ச் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் காசு போவது அங்கேதான். ஒர்க்‌ஷாப்பில் இருந்தபோது ஒரு வண்டியின் கியர்பாக்ஸை இறக்கினோம், ஓடியது 22,000 கி.மீ.தான். பிளேட்டை வெளியே எடுத்தால் லைனிங் தேய்ந்து ரிவெட் தலைகள் ஃப்ளைவீலில் கோடு போட்டிருந்தன, ஃப்ளைவீலில் அங்கங்கே சூடு ஏறி நீலம் பாய்ந்த திட்டுகள், கையில் எடுத்தால் கருகிய வாடை. ஓட்டியவர் வேகமாகக்கூட ஓட்டுகிறவர் இல்லை. தினமும் ஒரு மேம்பாலத்து ஏற்றத்தில் டிராஃபிக்கில் நிற்பார், பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரும் ஹாஃப் கிளட்சுமாக வண்டியைப் பின்னால் போகாமல் தாங்கிப் பிடித்திருப்பார். அதே மாடல் வண்டி ஒன்று லட்சம் கி.மீ. தாண்டியும் முதல் பிளேட்டோடு ஓடியதையும் பார்த்திருக்கிறேன். அதனால் கிளட்ச் எத்தனை கி.மீ. வரும் என்று யாராவது ஒரே எண்ணைச் சொன்னால் நம்பவேண்டாம், அது ஓட்டுகிறவர் காலில் இருக்கிறது.

மேட்டில் நிற்கவேண்டி வந்தால் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு நில்லுங்கள். கிளம்பும்போது முதல் கியர் போட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, கிளட்சை மெதுவாக விடுங்கள். வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும், இன்ஜின் சத்தம் கனக்கும், அதுதான் பைட்டிங் பாயிண்ட். அந்த இடத்தில் ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் ஒரு விரல்கூடப் பின்னால் போகாமல் நகரும். அந்த இடம் எங்கே என்று காலுக்குத் தெரிய ஒரு பயிற்சி சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியான சமதள மைதானத்தில் செய்யுங்கள். முதல் கியர், ஆக்சிலேட்டரைத் தொடவே கூடாது, மனசுக்குள் பத்து எண்ணி எண்ணி கிளட்சை மட்டும் விடுங்கள். சத்தம் மாறும் இடத்தில் காலை அப்படியே நிறுத்துங்கள், வண்டி தானாக உருண்டு கிளம்பும், முழுக்க விட்டு நாலு அடி போய், திரும்ப மிதித்து நிறுத்துங்கள். இருபது தடவை. என்னிடம் 52 வயதில் கற்றுக்கொள்ள வந்த ஒரு டீச்சர் இரண்டு வாரம் வண்டியை ஆஃப் பண்ணிக்கொண்டே இருந்தார், செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு இதைச் செய்யச் சொன்னேன், அரை மணி நேரத்தில் "ஸார், பாதத்துக்கு அடியில் தெரிகிறது" என்றார். அதற்குப் பிறகு அவருக்கு அந்தத் தொல்லையே வரவில்லை. சீட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள், கிளட்சைத் தரைவரைக்கும் மிதித்த நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கவேண்டும். காலை நீட்டி எட்டிப் பிடிக்கிறவருக்கு பைட்டிங் பாயிண்ட் ஒருநாளும் வசப்படாது.

கிளட்சை மிதிக்காத நேரத்தில் இடது கால் அந்தப் பெடல்மேல் ஓய்வெடுக்கக்கூடாது, பக்கத்தில் தரையில் இருக்கட்டும். பாரம் கொஞ்சம்தானே என்று தோன்றும், அந்தக் கொஞ்ச பாரத்திலேயே கிளட்சின் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும், பிளேட்டின் பிடியும் தளரும். சிக்னலில் 30 நொடி நிற்பது என்றாலும் நியூட்ரல் போட்டுவிட்டுக் கிளட்சை விடுங்கள். நிறுத்தும்போது நாலு, மூன்று, இரண்டு என்று ஒவ்வொன்றாகக் கியர் இறக்கவேண்டுமா, நான்காவதிலிருந்தே நியூட்ரலுக்கு வரலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. நிற்கப்போவது உறுதி என்றால் நேராக நிறுத்துவதையே நான் சொல்லிக்கொடுக்கிறேன், பிரேக் பேடின் விலை கிளட்ச் வேலையின் செலவைவிட ரொம்பக் குறைவு. சிக்னல் பச்சையாக மாறக்கூடும், நிற்காமல் போகவேண்டியிருக்கும் என்றால் வேகத்துக்கேற்ற கியருக்கு இறங்கிவிடுவது நல்லது. இதில் மாமா வேறு மாதிரி சொன்னால் சண்டை போடவேண்டாம், இரண்டும் நடக்கும்.

ஆனால் ஊட்டி இறக்கத்தில் இரண்டு கட்சி கிடையாது. நியூட்ரலில் விடவே கூடாது. கிளட்சை மிதித்தபடி உருட்டவும் கூடாது, இரண்டும் ஒன்றுதான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மலையடிவாரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையம் 325 மீட்டர் போல. சுமார் 1,900 மீட்டர் இறங்குகிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு உயரம் இறங்கும்போது பிரேக் விழுங்கவேண்டிய சக்தி, 60 கி.மீ. வேகத்திலிருந்து வண்டியை 130 தடவைக்கு மேல் அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம். காற்றின் தடையும் டயர் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், மீதி முழுவதும் நாலு சக்கரத்திலும் சூடாகத்தான் வெளியே வரும். இரண்டாவது கியரில் விட்டால் அந்தச் சுமையில் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்கிறது, அது எவ்வளவு நேரமானாலும் தாங்கும், அதற்கு ரேடியேட்டர் இருக்கிறது. பிரேக் பேடுக்கு அப்படி எதுவும் இல்லை.

சில வருடங்களுக்கு முன் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது வழியில் பர்லியாரில் பழக்கடைப் பக்கம் டீ குடிக்க நிறுத்தியிருந்தேன். ஒரு கார் வந்து ஓரம் கட்டியது, முன் சக்கரம் இரண்டிலிருந்தும் புகை, கண் எரிகிற வாடை. ஓட்டிவந்தவர் இறங்கி, "பிரேக் பஞ்சு மாதிரி உள்ளே போகுது" என்று கை நடுங்கச் சொன்னார், பின் சீட்டில் இரண்டு குழந்தைகள். கூட வந்தவர் ஐந்து லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு சக்கரத்தில் ஊற்றப் போனார், ஓடிப்போய்த் தடுத்தேன், அவ்வளவு சூட்டில் தண்ணீர் பட்டால் பிரேக் டிஸ்க் கோணிக்கொள்ளும், விரிசல் விடவும் கூடும். முக்கால் மணி நேரம் அப்படியே ஆறவிட்டோம். விசாரித்தால், குன்னூரிலிருந்து நான்காவது கியரும் நியூட்ரலுமாக, பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே வந்திருக்கிறார். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிதாக ஊற்றும்போது டாட் 3 வகை பிரேக் ஆயில் 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், ஈரம் ஏறிப் பழசானால் 140-க்குக்கூட இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் வரும், பெடலை மிதித்தால் குமிழ்தான் நசுங்கும், சக்கரத்துக்கு அழுத்தம் போகாது. அவர் சொன்ன பஞ்சு அதுதான். ஆறிய பிறகு பெடல் திரும்பக் கெட்டியானது, இரண்டாவது கியரிலேயே இறங்கச் சொல்லி, மேட்டுப்பாளையம் வரை என் வண்டி பின்னாலேயே போனது.

பெட்ரோல் மிச்சம் என்று சொன்னவர் பழைய அனுபவத்தில் சொல்லியிருப்பார். கார்ப்பரேட்டர் இருந்த காலத்து வண்டிகளில் அந்தப் பேச்சுக்குக் கொஞ்சம் அர்த்தம் உண்டு. இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் போட்டு ஆக்சிலேட்டரை முழுசாக விட்டு இறங்கினால் கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டால் இன்ஜின் ஆஃப் ஆகாமல் இருக்க அதுவே பெட்ரோல் குடித்தாகவேண்டும். ஆக, நீண்ட இறக்கத்தில் நியூட்ரலில்தான் செலவு அதிகம். சாவியை அணைத்துவிட்டு உருட்டுவது இன்னும் மோசம், பெடலை லேசாக மிதித்தாலே போதும்படி செய்யும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் இன்ஜின் ஓடினால்தான் கிடைக்கும், இருப்பு இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கும், அப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துப்போகும்.

இறங்கும் முறை இதுதான். கொண்டை ஊசி வளைவுகள் உள்ள இடத்தில் இரண்டாவது கியர், நேரான இறக்கத்தில் மூன்றாவது, ரொம்பச் செங்குத்தான வளைவில் முதல் கியர்கூட. ஏறும்போது அந்த இடத்தில் எந்த கியர் தேவைப்பட்டதோ, இறங்கும்போதும் அதே கியர் என்று வைத்துக்கொண்டால் அநேகமாகத் தப்பாகாது. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கிவிட்டு, கிளட்சை முழுசாக விட்ட பிறகு வளைவுக்குள் போங்கள், வளைவின் நடுவில் கிளட்சை மிதித்தால் வண்டி திடீரென்று வேகமெடுக்கும். பிரேக்கை ஓயாமல் தடவிக்கொண்டே வராமல், கொஞ்சம் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து முழுசாக விடுங்கள், அந்த இடைவெளியில்தான் டிஸ்க் மூச்சு வாங்கும். இன்ஜின் சத்தம் ஏறி 3,000, 3,500 சுற்று காட்டினால் பயப்படவேண்டாம், அது தாங்கும். பெடல் எப்போதாவது பஞ்சு மாதிரி தோன்றினால் உடனே கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள், பெடலைப் படபடவென்று பல தடவை மிதியுங்கள், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைச்சுவர் பக்கம் ஒதுக்கி நிறுத்துங்கள்.

கிளம்புவதற்கு முன் இரண்டு விஷயம். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள், பேடின் கனத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். டிரைவர் சீட்டுக்கு அடியில் தண்ணீர் பாட்டில், குழந்தைகளின் பந்து, கழற்றிய செருப்பு எதுவும் இருக்கக்கூடாது, இறக்கத்தில் உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். ஊட்டிக்கு முன்னால் ஒரு தடவை ஏற்காடு போய்வாருங்கள், உங்கள் ஊரிலிருந்து பக்கம், 20 கொண்டை ஊசி வளைவு, மாமா பக்கத்தில் இருக்கட்டும்.

மைதானப் பயிற்சி செய்து, அடிவேகக் கணக்கும் பிடிபட்ட பிறகும் மூன்றாவது கியரில் 25-ல் போகும்போதே வண்டி உதறுகிறது என்றால் அது உங்கள் கால் தவறு இல்லை. ஐடிலிங் குறைவாக இருக்கலாம், இன்ஜினைத் தாங்கும் இன்ஜின் மவுண்ட் போயிருக்கலாம், கிளட்ச் பிளேட்டே சூடேறிக் கோணியிருக்கலாம். அதை எழுத்தில் படித்து என்னால் சொல்ல முடியாது, ஓட்டிப் பார்க்கிற ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எந்த கியரில், எந்த வேகத்தில், கிளட்சை விடும்போது உதறுகிறதா அல்லது விட்ட பிறகா என்று மூன்றையும் குறித்துக்கொண்டு போனால் அவருக்கு வேலை சுலபம்.